கருப்பர் காவலில் ஒரு கடைத்தெரு

அழகர்கோவிலில் பேருந்தைவிட்டு இறங்கும் வெளியூர்க்காரர் பலரும் கேட்பது இதுதான்: "ஊர் எங்கே இருக்கு?" கோபுரம் இருக்கிறது. சிதைந்த கோட்டைச் சுவர் இருக்கிறது. மண்டபங்கள், மரத்தடிகள், தேங்காய்பழக் கடைகள், கடைக்கூரைகளில் குரங்குக் கூட்டம் எல்லாம் இருக்கின்றன. நாலு தெரு, வாசல் கோலம், திண்ணை, டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கும் பெரியவர் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் ஊர் மட்டும் அகப்படாது. மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டரில், 108 திவ்யதேசங்களில் ஒன்றாக, ஆழ்வார்கள் பாடிய திருமாலிருஞ்சோலையாக இருந்தும், விசேஷம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனால் பல கடைகளில் படுதாதான் தொங்கும்.

அதே இடத்துக்கு ஆடிப் பௌர்ணமி தேரோட்டத்தன்று போனால் கால் வைக்க இடமிருக்காது. வேனிலும் லாரியிலும் டிராக்டரிலும் கிராமம் கிராமமாக வந்திறங்கி, கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டி, சொந்தக்காரர்களுக்குப் பந்தி போட்டுக்கொண்டிருப்பார்கள். வளையல், பலூன், கரும்புச் சாறு, அரிவாள், சந்தனம் என்று பாதையின் இருபுறமும் வியாபாரம் அனல் பறக்கும். ஒரு ராத்திரியில் முளைத்த ஊர் அது. இரண்டு நாளில் இருந்த சுவடு தெரியாமல் கலைந்துவிடும்.

இப்படி முளைத்துக் கலையும் ஊர்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. மொராக்கோவின் அட்லஸ் மலையடியில் பெர்பர் மக்கள் வாழும் பகுதிகளில் பல ஊர்களுக்குப் பெயரே சந்தைக் கிழமைதான். த்னீன் ஊரிகா என்பது ஊரிகாப் பள்ளத்தாக்கின் திங்கள்கிழமைச் சந்தை. அஸ்னி என்ற சிற்றூரில் சனிக்கிழமை. கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிக்கொண்டு மலைக் கிராமத்தார் இறங்கி வருவார்கள். சமவெளி வியாபாரி துணியும் உப்பும் சர்க்கரையும் கொண்டு வருவான். மறுநாள் அங்கே வெறும் பொட்டல். குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தையும் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையும் நாமக்கல் பக்கம் புதன்சந்தையும் வைத்திருக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அழகர்கோவில் அந்த வகையறாதான். இங்கே மட்டும் கிழமைக் கணக்கு இல்லை; திதிக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமி, ஆடிப் பதினெட்டு, ஐப்பசித் தைலக்காப்பு, எல்லாவற்றுக்கும் மேலே சித்திரை.

புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று சாலை வடக்கே போகிறது. கடச்சனேந்தல் தாண்டும்வரை மதுரை விடுவதாயில்லை. பிளாட் விளம்பரப் பலகைகள் கூடவே ஓடி வருகின்றன. அப்பன்திருப்பதிக்குப் பிறகுதான் தென்னையும் மாந்தோப்பும், அவற்றுக்குப் பின்னால் நீண்டு படுத்த மலையும். காது அடைக்கிற உயரமெல்லாம் இல்லை. ஆனால் கோடையில் மதுரைத் தாரில் வெந்துவிட்டு வருகிறவருக்கு, அடிவாரத்துக் காற்றே போதும்.

அடிவாரக் கடைகளில் பருவத்துக்குத் தகுந்த சரக்கு. ஆனி, ஆடியில் நாவல் பழம். மழை தொடங்கினால் சீத்தாப்பழம். மற்ற நாளில் கொய்யா, நெல்லிக்காய், மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள். கூடையில் நாவல் பழம் வைத்திருந்த ஓர் ஆத்தா, "மலைக்குப் போறப்ப வாங்காதப்பு, கொரங்கு புடுங்கிரும். எறங்கி வந்து வாங்கு, நான் எங்க போயிரப் போறேன்" என்றார். விற்க வந்தவர் வாங்காதே என்று சொல்லும் கடைத்தெருவில் நம்பி நடமாடலாம்.

எல்லாரும் பேர் சொல்லிக் கேட்பது தோசை. வீட்டுத் தோசையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். அரிசியும் தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, நெய்யில் வேகவைத்த கனத்த தோசை. ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் கெட்டியாகவும் இருக்கும். சட்னி, சாம்பார் கிடையாது, கேட்கவும் கூடாது. நாலு பேர் பிய்த்துத் தின்னலாம். இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது என்பதால் ஊருக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. விளைச்சல் வீடு வந்ததும் முதல் நெல்லையும் பயறையும் அழகருக்கு அளப்பது சுற்றுவட்டாரக் குடியானவர் வழக்கம். அப்படி வந்து குவிந்த தானியம்தான் மடப்பள்ளி வழியே தோசையாகி அவர்கள் கைக்கே திரும்பியது என்று இங்கே சொல்வார்கள். மலையடிச் சந்தையில் பண்டம் மாற்றுவது போலத்தான். நடுவில் ஒரு சாமி நிற்கிறார், அவ்வளவே.

அந்தச் சாமிக்கும் ஒரு காவல்காரர். ராஜகோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பர். சிலை கிடையாது. சாத்திய பெருங்கதவுகள், அவற்றின் மேல் அப்பிய சந்தனம், மாலைகள், எதிரே ஆள் உயரத்துக்கும் மேலான அரிவாள்கள். அழகரின் சக்தியைக் கவர்ந்து போக மலையாள தேசத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளைப் பிடித்து இந்தப் படிகளின் அடியில் புதைத்தார்கள், அவர்களோடு வந்த கருப்பர் காவலுக்கு நின்றுவிட்டார் என்பது கதை. அழகர் மதுரைக்குப் புறப்படும்போது கொண்டு போகும் நகைகளின் பட்டியல் கருப்பர் முன்னால் வாசிக்கப்படும். திரும்பி வந்ததும் சரிபார்க்கப்படும் என்கிறார்கள். தணிக்கை அதிகாரிகளில் இவ்வளவு பெரிய அரிவாள் வைத்திருப்பவர் வேறு யாருமில்லை.

இந்தப் படியில் வைக்கும் சத்தியத்துக்குத்தான் இந்தப் பக்கம் மதிப்பு அதிகம். வாங்கிய கடனை இல்லை என்கிறானா, வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு மறுக்கிறானா, மாடு காணாமல் போய் ஆள் மேல் சந்தேகமா? "பதினெட்டாம்படியில வந்து சத்தியம் பண்ணு" என்றால் பாதிப் பேர் அங்கேயே வழிக்கு வந்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவன் கையில் பணம் கொடுத்துச் சரக்கு வாங்க வேண்டுமானால், இருவருக்கும் மேலே இருவரும் பயப்படும் ஒருவர் வேண்டும். சந்தை கூடுவதற்குத் தண்ணீரும் நிழலும் வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் சத்தியம் செய்ய ஓர் இடம் அவற்றுக்கும் முன்னால் வேண்டும் என்பேன்.

அட்லஸ் மலையிலும் இதே ஏற்பாட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார் மானுடவியலாளர் எர்னஸ்ட் கெல்னர். 1969-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, மத்திய உயர் அட்லஸின் பெர்பர் குலங்களிடையே வாழ்ந்த புனிதர் பரம்பரைகளைப் பற்றியது. சுல்தானின் வரிவசூல் எட்டாத மலைப்பகுதி. குலத்துக்குக் குலம் பகை. இரண்டு குலங்களின் எல்லையில் ஆயுதம் ஏந்தாத ஒரு புனிதர் குடும்பம் குடியிருக்கும். வழக்கு முற்றினால், ஆட்களைத் திரட்டி வந்து அந்தப் புனிதரின் சமாதியில் கூட்டமாகச் சத்தியம் செய்வார்கள். அவர் நிழலில் வழிப்போக்கனும் வியாபாரியும் பயமின்றி நடக்கலாம்.

அரசாங்கம் எட்டாத நிலம் என்பது மதுரைக்காரருக்குப் பழகிய சங்கதி. அழகர்மலையிலிருந்து மேலூர் வரை விரிந்த கள்ளர் நாட்டுக்குத் தன்னரசு நாடு என்றே பெயர். 1755-இல் கர்னல் ஹெரான் என்ற கும்பெனிப் படைத்தலைவர் மதுரைச் சீமைக்கு வரி வாங்க வந்தார். கோவில்குடி என்று அக்காலக் குறிப்புகள் சொல்லும் இடத்தில், அது திருமோகூர் என்பார்கள், கோயிலைச் சூறையாடிச் சிலைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்தார்கள். "சாமி, சாமி" என்று கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்து, சிலைகளை மீட்டுக்கொண்டு போனதைக் கும்பெனி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். அழகர்கோவிலிலிருந்து இன்று நத்தம் பக்கம் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், அந்தக் கதை நடந்த வழியை ஓரளவு கண்ணால் பிடித்துவிடலாம்.

அந்தக் கள்ளர்கள்தான் மதுரையிலிருந்து திரும்பிய அழகரையும் ஒருமுறை மறித்தார்களாம். கொள்ளையில் தொடங்கிய அந்த உறவு, தேர் வடம் பிடிக்கும் உரிமையில் முடிந்தது. அழகரும் கொண்டையும் வளைதடியுமாகக் கள்ளர் வேடம் பூண்டுதான் மதுரைக்குப் புறப்படுகிறார். இந்தக் கோயிலை ஆண்டவர்கள் கட்டிய கல்லாகப் பார்க்காமல், கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் என்று அதைச் சுற்றி வாழும் மக்களின் வழியாகப் பார்த்தவர் தொ. பரமசிவன். அவருடைய 'அழகர் கோயில்' ஆய்வை 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதைப் படிக்காமல் இங்கே வருவதில் தவறில்லை. படித்துவிட்டு வந்தால், எதிரே வரும் ஆளின் இடுப்பில் இருக்கும் துண்டுகூட ஏதோ சொல்லத் தொடங்கிவிடும்.

சித்திரையில் இந்தச் சந்தை நடக்க ஆரம்பிக்கிறது. அழகர் மலையை விட்டு இறங்கினால் உண்டியல்களை ஏற்றிய வண்டிகள் கூடவே போகும். அவற்றின் பின்னால் பானகம், நீர்மோர், விசிறி, பொரிகடலை. மூன்றுமாவடியில் எதிர்சேவை, வழியெங்கும் மண்டகப்படிகள், பிறகு பௌர்ணமியன்று வைகை. முன்பு தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தவரை, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்கு வரவழைத்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623 - 1659) என்பது பரவலான கருத்து. சைவ, வைணவ ஒற்றுமைக்காக என்று மேடைகளில் சொல்வார்கள். இருக்கலாம். கிராமத்துச் சனமும் மாடும் பணமும் ஒரே வாரத்தில் தலைநகருக்குள் வந்து சேர்வதன் லாபம் ஓர் அரசருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இன்று பேருந்து நிலையத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கும் மாட்டுத்தாவணி, மாடுகள் கைமாறிய இடம்தான்.

நேர்த்திக்கடனுக்கென்றே தனிச் சரக்கு உண்டு. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச ஆட்டுத்தோல் துருத்தி. சர்க்கரையும் பொரிகடலையும் நிரப்பி மேலே சூடம் ஏற்றும் செம்பு. திரி எடுப்பவர்களுக்குத் திரி. குல்லா, சல்லடம், சலங்கை. இந்த உடுப்புகளைத் தைத்த தையல்காரர்கள் பல தலைமுறையாக மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தார்கள். அண்மையில் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மோட்டார் வைத்து வேகமாகத் தண்ணீர் அடிப்பதற்குத் தடை வந்த பிறகு தோல் துருத்திக்கு மறுபடி மவுசு. சாமிக்கும் நிம்மதியாக இருக்கும்.

மலை மேலே ஏறுகிறவர்கள் பழமுதிர்சோலையில் முருகனைப் பார்த்து, அங்கிருந்து நூபுரகங்கைக்குப் போய் நீராடி, ராக்காயி அம்மனைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். அழகர் உற்சவருக்கு இந்தச் சுனைத் தண்ணீரில் மட்டும்தான் திருமஞ்சனம். மதுரைக்குப் போனாலும் தண்ணீர் இங்கிருந்து போக வேண்டும். கீழே வசந்த மண்டபத்தில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. நிதானமாகப் பார்க்க வேண்டியவை. வேனில் வரும் கூட்டத்துக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

நான் போகச் சொல்வது வேறோர் இடத்துக்கு. கோயிலிலிருந்து மேலூர்ச் சாலையில் கிடாரிப்பட்டி. அங்கே அழகர்மலையின் ஒரு பாறைக் குகையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பிற்காலத்தில் அச்சணந்தி என்ற சமணத் துறவி செதுக்குவித்த தீர்த்தங்கரர் உருவமும் உண்டு. மேலே பாறை நெற்றியில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழி எழுத்தில், கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். அதில் அரசன் பெயரைத் தேடாதீர்கள். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் வியகன். கொழு விற்ற இளஞ்சந்தன். பாணிதம், அதாவது வெல்லப்பாகு, விற்ற நெடுமூலன். வெண்பள்ளி என்ற ஊரிலிருந்து ஓர் அறுவை வணிகன், துணிக்கடைக்காரர். பக்கத்து மாங்குளம் மலைக் கல்வெட்டில் வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அந்தக் கால வியாபாரிகள் சங்கம், கூட்டாகக் கொடை கொடுத்திருக்கிறார்கள்.

உப்பு, வெல்லம், கலப்பைக் கொழு, துணி, பொன். ஒரு மலையடிச் சந்தைக்கு வேண்டிய சரக்குப் பட்டியல் இதைவிடச் சுருக்கமாக எங்கும் கிடைக்காது. அஸ்னியின் சனிக்கிழமைச் சந்தைக்கும் பெரும்பாலும் பொருந்தும். பொற்கொல்லன் மதுரைக்காரன், துணிக்காரன் வெண்பள்ளிக்காரன் என்று ஊர் சொல்லி எழுதியிருப்பதே அவர்கள் இங்கத்தியவர்கள் இல்லை, வந்து போனவர்கள் என்பதைக் காட்டுகிறது. அழகருக்கும் கருப்பருக்கும் யார் முன்னால் வந்தார்கள் என்று நான் சண்டைக்கு வரவில்லை. துறவிகள் தங்கிய குகையானாலும் சந்தனக் கதவானாலும், இந்த மலையடிக்கு வந்த வியாபாரிகள் ஒரு சாட்சியைப் பார்த்துத்தான் மூட்டையை இறக்கியிருக்கிறார்கள்.

கிடாரிப்பட்டிக்கு மேலூர்ப் பேருந்திலேயே போகலாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு போவது நல்லது, அங்கே கடை கிடையாது. பாறையில் ஏறப் பழக்கமில்லாத செருப்பு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். உச்சி வெயிலில் பாறை வெளுத்து எழுத்து தெரியாமல் போகும். காலையிலோ நாலு மணிக்கு மேலேயோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது உப்பு வணிகனின் பெயர் படிக்கிற மாதிரி எழும்பி நிற்கும். தோசைப் பொட்டலத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். குரங்குகள் இந்தப் பக்கமும் உண்டு.