களிமண்ணில் அச்சான அதிகாரம்

பவுண்டரி ஷாப்பில் நான் செய்த முதல் ஜாப் ஞாபகம் இருக்கிறதா? மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சரியாகப் பொருந்தாமல் வார்ப்பு ரெண்டு பாதியாக விலகி நின்றது. வகுப்பே சிரித்தது, மார்க்கும் போச்சு.

அதே ரெண்டு பாதி அச்சு முறையில், சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் மனித முகங்களையே ஜாடியாகச் செய்தவர்கள் மோச்சே மக்கள். பெரு நாட்டின் வட கடற்கரையில், கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள். எழுத்து கிடையாது. குயவர் சக்கரமும் கிடையாது!

முதலில் களிமண்ணில் தலையை அச்சு அசலாகச் செய்வார்கள். நம்ம பேட்டர்ன் மாதிரிதான். அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, இரு பாதியாக எடுத்துச் சுட்டால் அச்சு ரெடி. அந்தப் பாதிகளுக்குள் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டி, இணைப்புக் கோடு தெரியாமல் தேய்த்து விடுவார்கள். தலைக்கு மேலே வளைந்த குழாய், அதன் உச்சியில் ஒரு வாய். பிறகு செம்மண், வெண்மண் குழம்பு பூசிச் சூளை வைப்பார்கள்.

அச்சு இருந்தால் ஒரே முகம் பல ஜாடிகளில் வரும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. நாணயமோ கல்வெட்டோ இல்லாத நாட்டில், தலைவனின் முகம் இப்படித்தான் ஊர் ஊராகப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் ஆண் முகங்கள். ஆடம்பரமான தலைப்பாகை, பெரிய காதணி. சும்மா பொம்மை முகம் அல்ல, சுருக்கமும் தழும்பும்கூட அப்படியே!

நூற்றுக்கணக்கான ஜாடிகளை ஒப்பிட்டுப் பார்த்த கிறிஸ்டோபர் டானன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். மேலுதட்டில் தழும்புள்ள ஒருவனை அவர் பல ஜாடிகளில் கண்டுபிடித்தார். பத்து வயதுப் பையனாக ஆரம்பித்து, முப்பதைத் தாண்டிய ஆளாக வரை அவன் முகம் கிடைக்கிறது. நம் ஆல்பத்தில்கூட அத்தனை வரிசையாகப் படம் இருக்காது.

ஆனால் டானன் காட்டும் இன்னொரு சங்கதிதான் என்னை உலுக்கியது. சில ஆட்கள் ஒரு ஜாடியில் முழு அலங்காரத்தோடு இருக்கிறார்கள்; வேறொன்றில் அதே ஆளே போர்க்கைதி. மோச்சே வழக்கத்தில் கைதிக்கு என்ன கதி? ஹுவாக்கா டி லா லூனா கோயில் முற்றத்தில் 1990-களில் தோண்டியபோது, பலியிடப்பட்ட ஆண்களின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன.

கைதியின் ஜாடியில் தலைப்பாகை இல்லை, காதணி இல்லை. கழுத்தில் கயிறு. மூக்கும் உதடும் மட்டும் பழைய மாதிரியே, யார் என்று பார்த்ததும் தெரிகிற அளவுக்குக் கச்சிதமாக வந்திருக்கின்றன.