‘டோமினோ’ டாம்செல்: தொட்டியில் முதலில் விடக்கூடாத மீன்... ஏன்?

உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டு கடைக்குப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுதான்: “முதல்ல ரெண்டு டாம்செல் விடுங்க. விலை கம்மி, லேசுல சாகாது.” இரண்டுமே உண்மைதான். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

டோமினோ டாம்செலை எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடம்பு, நெற்றியில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று வெள்ளைப் புள்ளிகள். கடையில் 2, 3 செ.மீ. குட்டியாக இருக்கும். வளர்ந்தால் 14 செ.மீ. வரை போகும். வளர வளர புள்ளிகள் மங்கும், முரட்டுத்தனம் கூடும்.

ஏன் இப்படி விரட்டுகிறது?

பவளப்பாறையில் ஒளிய ஒரு பொந்தும், முட்டையிட ஓர் இடமும் இருந்தால்தான் இந்த மீன் பிழைக்கும். முட்டைகளைக் காவல் காப்பது ஆண் மீன். அதனால் தன்னைவிடப் பெரிய மீன் வந்தாலும் பாய்ந்து விரட்டும்.

கடலில் விரட்டப்பட்ட மீன் சில மீட்டர் தள்ளிப் போனால் சண்டை முடிந்தது. மூன்றடித் தொட்டியில் அது எங்கே போகும்? துரத்தல் நாள் முழுக்க நடக்கும். துடுப்பு கிழியும், பயத்தில் இரை எடுக்க வெளியே வராது, பலவீனமான உடம்பில் வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் பிடிக்கும். “நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு செத்துடுச்சு” என்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தத் துரத்தல் இருக்கிறது.

முதலில் விட்டால் என்ன ஆகும்?

முதலில் வந்த டாம்செல், மொத்தத் தொட்டியையும் தன் இடமாக்கிக்கொள்ளும். பிறகு வருபவை எல்லாம் அதற்கு எதிரிதான்.

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்காகத்தான் டாம்செலை விடச் சொல்கிறார்கள். ஆனால், மீனே தேவையில்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆகும்வரை காத்திருந்தால் போதும்.

ஏற்கெனவே வாங்கியாச்சா?

* புது மீன் விடும் அன்று பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை குழம்பிவிடும்.
* புது மீனை, துளையிட்ட கண்ணாடி போன்ற பெட்டிக்குள் சில நாள் தொட்டியிலேயே வையுங்கள்.
* அப்படியும் அடங்கவில்லையா? பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே இரை போட்டால் பொறி ரெடி. பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.
* கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தொட்டியின் நோய்க்கிருமிகளும் சேர்ந்து போகும்.

டாம்செல் கட்டாயம் வேண்டுமென்றால், ஓரளவு சாதுவான மஞ்சள்வால் நீல டாம்செலைத் தேர்ந்தெடுக்கலாம். அதையும் கடைசியாக விடுங்கள். வாங்கும் முன் கடையில் ரெண்டே கேள்வி கேளுங்கள்: “வளர்ந்தா எவ்ளோ பெருசாகும்? இதுகூட எதை விடலாம்?”