ஜப்பான் லொறியோடு வரும் பனிக்கால டயர்: ஆழம் இருந்தால் மட்டும் போதுமா?

ஜப்பானில் பாவித்த லொறியொன்றை வாங்கப் போகும் எமது வியாபாரிகள் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார்கள், ஓடிய கிலோமீற்றரைப் பார்க்கிறார்கள், துரு இருக்கிறதா என்று பொடியைத் தட்டிப் பார்க்கிறார்கள். டயர் விடயத்தில் மட்டும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கட்டைகளுக்கிடையில் விரலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். ஆழம் இருந்தால் "ஆறு டயருக்கும் இப்போதைக்குச் செலவில்லை" என்று மனதுக்குள் ஒரு தொகையைக் கழித்துக் கொள்வார்கள். விற்பவரும் அதையே சொல்லி விலையை நிமிர்த்தி வைப்பார்.

கண்டி வீதியோரத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக டயர் வியாபாரம் செய்து வருபவன் என்ற வகையில் இது பற்றி எழுத வேண்டுமென்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரவலாகத் திறக்கப்பட்ட பின்னர் இந்தக் கேள்வி மீண்டும் என் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ஆழமான கட்டைகளோடு வந்திறங்கும் அந்த டயர்களில் ஒரு பகுதி எமது வீதிகளுக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. அவை ஐஸ் படர்ந்த வீதியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை.

வெலிமடைப் பக்கத்து மரக்கறி வியாபாரி ஒருவர் கெப்பட்டிபொலயிலிருந்து பேலியகொடைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றுபவர். ஜப்பானிலிருந்து வந்த இரண்டு தொன் லொறியொன்றை வாங்கி நான்கு மாதம் ஓட்டியிருந்தார். பெரகலயிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் வளைவொன்றில், மாலை மழையில், பிரேக்கை மிதித்தபோது லொறி நேரே வழுக்கிக்கொண்டு போய் மண் திட்டில் முட்டி நின்றது. மறுபக்கமாகப் போயிருந்தால் பள்ளம். சாரதிக்கும் உதவியாளருக்கும் சிறு காயங்கள்தான், ஆனால் அன்றைய கரட்டும் லீக்ஸும் வீதியில் கிடந்தன. கராஜில் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு "பிழையொன்றும் இல்லை" என்றார்கள். பிறகு என்னிடம் வந்து, "நானா, டயர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதே, பிறகு ஏன் வழுக்கியது?" என்று கேட்டார். பிரேக் நிறுத்துவது சில்லைத்தான். லொறியை நிறுத்துவது டயர். நான் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் "ஸ்டட்லெஸ்" என்று பெரிதாக எழுதியிருந்தது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவிலும் கடலோர நீகாட்டா போன்ற மாகாணங்களிலும் குளிர்காலத்தில் வீதியில் வெண்பனி இறுகி ஐஸாகிவிடும். முன்பு அங்கே டயரில் இரும்பு ஆணிகள் பதித்து ஓட்டினார்கள். ஐஸை ஆணி பிடித்துக் கொள்ளும், ஆனால் ஐஸ் இல்லாத இடத்தில் தார் வீதியைச் சுரண்டிவிடும். செண்டாய், சப்போரோ போன்ற நகரங்களில் அந்தத் தூசு மக்களின் சுவாசத்துக்கே கேடாகியது. 1990 இல் ஜப்பான் சட்டம் இயற்றி ஆணி டயரைக் கட்டுப்படுத்தியது. ஆணி இல்லாமலே ஐஸைப் பிடிக்கும் டயர்தான் ஸ்டட்லெஸ். பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988 இல் பிளிஸக் என்ற பெயரில் இத்தகைய டயரை வெளியிட்டது. அதன் இறப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண் துவாரங்கள் இருக்கும். டோயோ நிறுவனம் வோல்நட் கொட்டையின் ஓட்டைத் தூளாக்கி இறப்பரோடு கலக்கிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், கடினமான அந்தத் தூள் ஐஸைக் கீறிப் பிடிக்கிறது.

ஐஸ் ஏன் வழுக்குகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். ஐஸின் மேல் மிக மெல்லிய நீர்ப் படலமொன்று இருக்கிறது. பூச்சியப் பாகையை அண்டிய வெப்பநிலையில்தான் அது மோசமாக வழுக்கும், கடுங்குளிரில் அல்ல. ஸ்டட்லெஸ் டயரின் நுண் துவாரங்கள் அந்தப் படலத்தை உறிஞ்சிக் கொள்கின்றன. ஒவ்வொரு கட்டையிலும் பிளேட்டால் வெட்டியது போன்ற பல மெல்லிய கீறல்கள் இருக்கும், அவற்றின் விளிம்புகள் ஐஸைப் பற்றும். சாதாரண டயரின் இறப்பர் ஏறக்குறைய 7 பாகை செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கிவிடும். பனிக்கால டயரின் இறப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி கலக்கப்பட்டது.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பலர் என்னிடம் திருப்பிக் கேட்பது: "மென்மையான இறப்பர் என்றால் பிடிமானம் கூடத்தானே?" இல்லை. மத்தியான வெயிலில் எமது தார் வீதி கையை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. அந்தச் சூட்டில், சுமையோடு, ஏற்கனவே மென்மையான கட்டை மேலும் தளர்கிறது. கீறல்கள் நிறைந்திருப்பதால் பிரேக் மிதிக்கும்போது கட்டை மடிந்து, முழு முகத்தாலும் தரையைத் தொடாமல் ஓரத்தால் மட்டும் தொடுகிறது. மழை பெய்தால் இன்னொரு பிரச்சினை. ஐஸின் மேலுள்ள நீர் மெல்லிய படலம், அதை உறிஞ்சினால் போதும். எமது பருவ மழை வீதியில் மில்லிமீற்றர் கணக்கில் ஓடும் தண்ணீர், அதை உறிஞ்ச முடியாது. அகலமான நேர் வாய்க்கால்கள் வழியாகப் பின்னால் தள்ளிவிட வேண்டும். மழைக்குச் செய்த டயரின் அமைப்பு அதுதான். இதனால்தான் ஈரமான தார் வீதியில் ஸ்டட்லெஸ் டயர் சாதாரண டயரைவிடக் கூடிய தூரம் போய் நிற்கிறது. ஜப்பானியர்கள் குளிர்காலம் முடிந்ததும் அதைக் கழற்றி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேகமாகத் தேய்வதும் பாரத்தில் சூடேறுவதும் வேறு.

"நுவரெலியாவில் உறைபனி விழுகிறதே, அங்கே ஓடுபவருக்கு நல்லதுதானே" என்று ஒருவர் வாதாடினார். ஜனவரி, பெப்ரவரி அதிகாலையில் புல்லிலும் தேயிலையிலும் உறைபனி படிவது உண்மை. ஆனால் அங்கிருந்து புறப்படும் லொறி காலை முடிவதற்குள் கம்பளைக்கு வந்துவிடும். ஒரு மணித்தியாலக் குளிருக்காக மிகுதி நாள் முழுவதும் பிழையான டயரில் ஓடுவதா?

இனி ஆழத்துக்கு வருவோம். எமது ஆட்கள் ஏமாறும் இடம் இதுதான். ஸ்டட்லெஸ் டயரில் கட்டைகளுக்கிடையே "பிளட்ஃபோம்" எனப்படும் சிறு மேடை ஒன்று இருக்கும். டயர் பாதி தேய்ந்ததும் அந்த மேடை கட்டையின் மட்டத்துக்கு வந்துவிடும். அத்தோடு பனி டயராக அதன் ஆயுள் முடிந்தது. 2020 டிசம்பரில் கன்எட்சு அதிவேகப் பாதையில் கடும் பனியில் சுமார் 2,100 வாகனங்கள் சிக்கிக் கிடந்தன. அதன் பின்னர் 2021 ஜனவரியில் ஜப்பான் அரசாங்கம் விதியை இறுக்கி, பனி வீதியில் ஓடும் லொறி, பஸ் நிறுவனங்கள் தமது டயர்கள் அந்த எல்லையைத் தாண்டித் தேயவில்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்றது. ஆகவே பாதி ஆழம் மிச்சமிருக்கும் ஸ்டட்லெஸ் அங்குள்ள பனிப் பிரதேச லொறிக்காரருக்குக் கழிக்க வேண்டிய பொருள். பனி டயர் புதிதாக இருக்கும்போது ஆழம் அதிகம் என்பதால், அந்தப் பாதியே எமது கண்ணுக்கு "புதுசு மாதிரி" தெரிகிறது. லொறியை விற்க நினைக்கும் ஒருவர் இந்த டயரைப் போட்டு அனுப்புவதில் மோசடி என்று சொல்லவும் ஏதுமில்லை. பார்த்து வாங்குவது எமது வேலை.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பக்கவாட்டில் ஸ்டட்லெஸ் என்றோ, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் அடையாளமோ இருந்தால் அது குளிர்கால டயர். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். சேற்றுக்கும் பனிக்கும் பொதுவான டயர்களிலும் அது இருக்கும், அவை எல்லாமே இங்கு கெட்டவை அல்ல. சந்தேகமிருந்தால் கட்டையை விரலால் வளைத்துப் பாருங்கள், மெல்லிய கீறல்கள் திறந்துகொள்ளும். பிறகு நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3517 என்றால் 2017 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும், லொறிக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாலும் பாருங்கள். வயது போன பனி டயரில் அந்த மென்மையும் போய்விடும். அதன் பின்னர் அது ஐஸுக்கும் உதவாது, மழைக்கும் உதவாது.

அப்படியானால் எதைப் போடுவது? முதலில் பாரம். சிறிய லொறிகளுக்கு வரும் 205/85 ஆர் 16 அளவு டயரில் 117/115 எல் என்று எழுதியிருந்தால், தனியாகப் பூட்டும் முன் டயர் ஒவ்வொன்றும் 1,285 கிலோவும், பின்னால் சோடியாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 1,215 கிலோவும் தாங்கும். லொறியின் சொந்த நிறையும் இதற்குள் அடங்கும் என்பதை மறந்துவிட்டு ஏற்றுபவர்கள்தான் அதிகம். மலைநாட்டில் ஓடுபவர் முன்னுக்கு நேர் வாய்க்கால் உள்ள ரேடியல் டயரைப் புதிதாகப் போடட்டும். முன் சில்லுக்கு ரீபில்ட் டயர் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பின்னுக்குக் கட்டை டயர் போடலாம், தரமான ரீபில்டும் போடலாம். ஜப்பானில் அதிவேகப் பாதையில் ஓடும் சிறிய லொறிகளுக்கு 2.4 மில்லிமீற்றருக்கும் பெரிய லொறிகளுக்கு 3.2 மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழத்தை அனுமதிப்பதில்லை. கடுகண்ணாவ இறக்கத்தில் மழையில் இறங்குபவரும் அந்தக் கணக்கையே வைத்துக் கொள்ளலாம்.

பேரம் பேசும்போது பனி டயர்களை இலாபமாக எண்ணாமல், ஆறு புது டயரின் விலையை லொறியின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை விற்பவரிடம் காட்டிக் குறைக்கச் சொன்னால் பலர் ஓரளவுக்காவது இறங்கி வருவார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வசதியில்லை என்றால் முன் இரண்டையும் உடனே மாற்றுங்கள், பின் நான்கையும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னர் மாற்றுங்கள். அதுவரை பாரத்தையும் வேகத்தையும் குறைத்து ஓட்டும்படி சாரதியிடம் சொல்லி வையுங்கள். கழற்றிய டயரை வீச வேண்டாம். வயது குறைந்து, கம்பி தெரியாமல், பக்கவாட்டில் வெடிப்பில்லாமல் இருந்தால் ரீபில்ட் செய்பவர் அதன் உடலைப் பரிசோதித்து எமது வீதிக்கேற்ற கட்டையை ஒட்டித் தருவார். வெலிமடைக்காரர் தனது பின் டயர்களில் மூன்றை அப்படித்தான் காப்பாற்றினார். நான்காவதன் உட்புறத்தில் பழைய பட்ச் ஒன்று இருந்ததால் எடுக்கவில்லை.

சோடியாகப் பூட்டும் பின் டயர்களில் ஒன்றைப் பனி டயராகவும் மற்றதைச் சாதாரண டயராகவும் விட வேண்டாம். உயரம் வித்தியாசப்பட்டால் உயரமான டயரே பாரத்தைச் சுமந்து சூடேறும். ஸ்பெயார் சில்லையும் இறக்கிப் பாருங்கள். ஆறையும் மாற்றிய பலரின் லொறிக்கு அடியில் ஏழாவதாக அதே ஜப்பான் டயர்தான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. பஞ்சர் ஆகும் நாளில் முன் சில்லுக்குப் போவது அதுதான்.