விடிந்தால் 27-ந் தேதி, நோட்டில் 26!
"ஹாம்" வயர்லெஸ்காரர்களின் 5½ மணி கணக்கு

திருச்சி பொன்மலையில் விடியற்காலை மணி 4. தேதி 27. அந்த நேரத்தில் ஒருவர் வீட்டு வயர்லெஸ்சில் ஜப்பான்காரருடன் பேசுகிறார் என்று வையுங்கள். பேசி முடித்ததும் நோட்டில் என்ன எழுத வேண்டும் தெரியுமா?

26-ந் தேதி, இரவு 10.30!

தூக்கக் கலக்கம் இல்லை. உலக வழக்கமே அதுதான்.

இவர்களுக்கு "ஹாம்" என்று பெயர். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மாடியில் கம்பி கட்டிப் பேசுகிறவர்கள். பொழுதுபோக்குத்தான், காசு வாங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவர் குறி வி.யு.2 ஆர்.ஜி.

எல்லோருக்கும் ஒரே மணி

நமக்கு விடியற்காலை 4 என்றால் ஜப்பானில் காலை 7.30. அவரவர் ஊர் மணியை எழுதினால் இருவர் நோட்டும் ஒட்டாது. அதனால் எல்லோரும் உலகப் பொது நேரத்தையே எழுதுகிறார்கள். நம் நேரத்தில் 5½ மணியைக் கழித்தால் அது கிடைக்கும்.

காலை 5.30 வரை நோட்டில் முந்தின நாள் தேதிதான். புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். மணியைக் கழிப்பார்கள்; தேதியை விட்டுவிடுவார்கள்.

பேசின கையோடு

தேதி, நேரம், எதிராளியின் குறி, அலைவரிசை, பேச்சா மோர்ஸ் தந்தியா, கேட்டது எப்படி... இத்தனையும் ஒரே வரியில். "59" என்றால் தெளிவு 5-க்கு 5, பலம் 9-க்கு 9.

ரயில்வே ஸ்டேஷனில் வண்டிக்கு வண்டி நேரம் குறிக்கிறார்களே, அந்த மாதிரி. பொன்மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அப்புறம் எழுதிக்கலாம்"னு விட்டால் போச்சு!

இப்போது பலர் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அமெரிக்க ஹாம் சங்கம் 2003-ல் தொடங்கிய இணையப் பதிவேடு, இரண்டு பேர் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் 30 நிமிடத்துக்கு மேல் விலகினால் பொருந்தாது. 5½ மணி விலகினால்? பேசியும் பேசாத கணக்குத்தான்!

அந்தமானில் அன்று

விளையாட்டுக் கணக்குதானே என்று நினைக்கலாம். 2004 டிசம்பரில் ஐதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேரில் முகாமிட்டு, உலக ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தனர். 26-ந் தேதி காலை 6.29 மணிக்கு பூமி குலுங்கியது. பின்னாலேயே சுனாமி. டெலிபோன்கள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன கருவிதான், தீவில் தப்பியவர்கள் பற்றிய தகவலை வெளியே சொன்னது.

அப்படிப்பட்ட நாளில் ஒருவர், "பத்திரமாக இருக்கிறார், மணி 6" என்று மட்டும் குறித்தால் என்ன ஆகும்? நம் நேரம் 6 என்றால் அது பூமி குலுங்குவதற்கு முந்தின சேதி. உலக நேரம் 6 என்றால் பகல் 11.30, அலைக்குத் தப்பிப் பிழைத்த சேதி. காத்திருக்கும் குடும்பத்துக்கு இது உயிர் போகிற வித்தியாசம்.

ஆபத்து நேரத்தில் புதுசாகக் கற்றுக்கொள்ள முடியாது. அன்றாடம் ஒழுங்காக எழுதிய கைதான் அன்றைக்கும் எழுதும்.

லைசென்சுக்கு 12 வயது ஆனால் போதும். மத்திய அரசு பரீட்சை வைக்கிறது. ஆசை உள்ளவர்கள் கருவி வாங்குமுன் ஒரு நோட்டும், உலக நேரம் காட்ட இன்னொரு கடிகாரமும் வாங்கி மேஜையில் வைக்கலாம்.