‘மருந்து கேட்கிறது’: மனநல மருந்துகளும் நம் பேச்சு வழக்கும்

ஒரு சொல் பல பொருள்களைக் குறிப்பது மொழியின் இயல்பு. பெரும்பாலும் அதனால் இடர் நேர்வதில்லை. சொல் வரும் இடமே பொருளைத் தெளிவுபடுத்திவிடும். ஆயினும் ஒரே சொல் இருவேறு மருந்துகளுக்குப் பெயராகிவிடும்போது, இடத்தை நோக்கிப் பொருள் கொள்ளும் வாய்ப்பு நோயாளிக்கு இல்லாமற் போகிறது. ‘தூக்க மாத்திரை’ என்பது அத்தகைய ஒரு சொல்.

சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில் அமைந்தது கேரி தீவு. மாஹ் மெரி பழங்குடியினரின் ஊர்களும் பரந்த செம்பனைத் தோட்டங்களும் அங்கு உள்ளன. தோட்டத் தமிழரின் பேச்சு வழக்கைத் திரட்ட நாம் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டு வாசலில் சகோதரியர் இருவர் தத்தம் மாத்திரைகளை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தனர்.

“ஒன் மாத்திர அரை மணியில கேக்குது. என்னோடது பத்து நாளாச்சு, ஒன்னும் கேக்கல. அதுல ரெண்டு குடு தங்கச்சி” என்றார் மூத்தவர்.

“எடுத்துக்கக்கா. எல்லாம் தூக்க மாத்திரதானே” என்றார் இளையவர்.

‘கேட்டல்’ என்னும் வினையின் ஆட்சிக்காக அவ்வுரையாடலைக் குறித்துக்கொண்டோம். பின்னரே உறைகளைப் பார்த்தோம். மூத்தவருடையது செர்ட்ராலைன், இளையவருடையது அல்பிரசோலம். இரண்டும் ஒரே இனத்தவை அல்ல.

அல்பிரசோலம், பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்தது. 1963இல் வேலியம் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த டயசிபாமும் இவ்வகையே. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் செயலை இவை மிகுவிக்கின்றன. எனவே பயன் விரைவில் தெரியும், படபடப்பு அடங்கும், உறக்கமும் வரும். ஆனால் தொடர்ந்து உட்கொண்டால் உடல் அதற்குப் பழகிவிடும். முதியோர் தடுமாறி விழ நேரிடும். நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். குறுகிய காலத்திற்கு மட்டுமே இவற்றைத் தருவது நன்று என மருத்துவர் கருதுவது இதனால்தான்.

செர்ட்ராலைன் மனச்சோர்வு மருந்து. நீடித்த பதற்றத்திற்கும் தரப்படுவது. ஃபுளூவொக்செட்டின், எசிட்டலோபிராம் ஆகியன இதன் இனத்தவை. இவை செரோடோனின் என்னும் வேதிப்பொருள் நரம்பணுக்களுக்குள் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. செரோடோனின் குறைவே நோய்க்குக் காரணம் என்ற எளிய விளக்கம் இன்று போதுமானதாகக் கொள்ளப்படுவதில்லை. மருந்தின் பயன் முழுமையாகத் தெரியச் சில வாரங்கள் செல்லும். குமட்டல், தலைவலி, சிலருக்குக் கூடுதல் படபடப்பு முதலிய தொல்லைகளோ முதல் வாரத்திலேயே தோன்றிவிடும். தொல்லை முந்தியும் பயன் பிந்தியும் வருவதால், பத்தாம் நாளில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று கைவிடுவோர் பலர். உறக்கம் வராத இரவில் மட்டும் ஒன்றை விழுங்குவோரும் உளர். ‘தூக்க மாத்திரை’ என்ற பெயரே அவர்களுக்கு அவ்வாறு கற்பிக்கிறது.

ஒரே நோய்க்குரிய மருந்துகளும் ஒருவருக்கொருவர் வேறுபட்ட அனுபவம் தருவன. 1957இல் ரோலண்ட் கூன் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் இமிப்ரமினின் பயனை வெளியிட்டார். அவ்வினத்து அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும்; மலச்சிக்கல் தரும். மிர்ட்டாசபின் உறக்கத்தோடு பசியையும் எடையையும் கூட்டும். 2018இல் வெளிவந்த ஒரு பேராய்வு, 522 சோதனைகளையும் 21 மருந்துகளையும் தொகுத்து நோக்கி, அவை அனைத்தும் வெற்று மாத்திரையினும் மேலான பயன் தருவதாகக் கண்டது. ஆனால் முதலில் தரப்படும் மருந்திலேயே முழுக் குணம் பெறுவோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே என 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அக்காளுக்குக் கேட்டது தங்கைக்குக் கேளாமற்போவது இயல்பே. மாற்ற வேண்டுமாயின் மருத்துவர் மாற்றுவார்; வாசலில் மாற்றிக்கொள்வது முறையன்று.

இனி மொழிக்கு வருவோம். ‘நோய் மருந்துக்குக் கேட்கிறது’ என்கிறோம். நோயைப் பணியாத பிள்ளையாகவும், மருந்தை ஏவும் பெரியவராகவும் காணும் வழக்கு இது. அழகிய வழக்கே, ஆயினும் ஏவியவுடன் பணிதலையே அது எதிர்பார்க்கிறது. வாரக்கணக்கில் காத்திருத்தலுக்கு அதில் இடமில்லை.

‘பழக்கம்’ என்னும் சொல்லிலும் இவ்வாறே ஒரு மயக்கம் உண்டு. மருந்தின் மேல் தணியாத வேட்கை கொள்வது அடிமைத்தனம். செர்ட்ராலைனைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வும் சிலருக்குத் தோன்றும். இது நிறுத்தல் அறிகுறி. முன்னதில் வேட்கை உண்டு, பின்னதில் இல்லை. இரண்டையும் ‘பழகிப்போச்சு’ என்று ஒரே சொல்லால் குறிப்பதால், நலம் தரும் மருந்தையும் மக்கள் அஞ்சி ஒதுக்குகின்றனர்.

மற்றொன்று வேற்றுமை பற்றியது. தமிழில் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையால் கூறுகிறோம். உணர்வு நம்மிடம் வந்து சேர்வது. மலாயில் ‘சாயா தாக்குட்’ என்னும்போது ‘சாயா’ எழுவாயாக நிற்கிறது. மேலும், நம் மக்கள் மனத்தைச் சொல்ல உடலையே சொல்வர்: ‘நெஞ்சு அடைக்குது’, ‘கை கால் ஓஞ்சு போச்சு’. அகவுணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு எனத் தனி இயலாகவே வகுத்தது. ஆகவே இதனை அறியாமை என்று தள்ளலாகாது. மருத்துவர்க்கு மொழிபெயர்ப்பவர் ‘நெஞ்சு வலி’ என்று மட்டும் கூறிவிட்டால், இதயத்தைச் சோதித்து அனுப்பிவிடுவர். மனத்தின் துன்பம் சொல்லப்படாமலே போகும்.

நம் நாட்டுத் தேசிய நல ஆய்வின்படி, மனச்சோர்வுற்ற பெரியவர்கள் 2019இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023இல் 4.6 பேர். இருப்பினும் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்னும் ஊர்ப்பெயரை நாம் இன்னும் வசைச்சொல்லாகவே வழங்குகிறோம். 1911இல் அங்கு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதொன்றே காரணம். வகுப்பறையில் அச்சொல் எழும்போது நகைப்பவர்களுக்கிடையே, வீட்டில் மாத்திரை உறையை மறைத்து வைத்துள்ள பிள்ளையும் இருக்கக்கூடும்.

ஆசிரியர்கள் மூன்று சொற்களைப் பிரித்துக் கற்பிக்கலாம்: உறக்க மருந்து, பதற்றத் தணிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து. மாணவர்க்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். 25 வயதுக்குட்பட்டோர் மனச்சோர்வு மருந்தைத் தொடங்கும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என எச்சரிக்கை உள்ளது. அக்காலத்தில் வீட்டார் உடனிருந்து கவனித்தல் வேண்டும். அத்தகைய எண்ணம் எழின் உடனே மருத்துவரிடம் கூறவேண்டும். 15555 என்னும் அரசு உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அன்று அச்சகோதரியரிடம் மாத்திரைகளை மாற்றிக்கொள்ளாமல், இரு உறைகளையும் மருத்துவரிடமே எடுத்துச் சென்று கேட்குமாறு வேண்டினோம். அவர்களும் இசைந்தனர். இரு மாதங்களுக்குப் பின் மீண்டும் சென்றபோது, “இப்ப எப்படி இருக்கும்மா?” என்று மூத்தவரிடம் வினவினோம். மனத்தைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. “நேத்து வாசலக் கூட்டிக் கோலம் போட்டேன்” என்றார். மருந்து கேட்டிருந்தது என்று அறிந்துகொண்டோம்.