எழுப்பினாலே எரிஞ்சு விழும் டீன் ஏஜ் பிள்ளைகள்.. சோம்பேறித்தனமா? தூக்கக் குறைவா?

ராத்திரி 12 மணி வரை முழிச்சிருக்கான், காலையில எழுப்பினா சண்டைக்கு வர்றான்.. 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல் இது.

இதற்கு செல்போன் மட்டும் காரணமல்ல. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் ஹார்மோன் பருவ வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். செல்போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும்.

எவ்வளவு தூக்கம் தேவை?

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் என்கிறது அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி. ராயகிரியில் இருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் பிடிக்க 5.30 மணிக்கு எழும் பிள்ளை, இரவு 9.30 மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன் முடித்து வந்தால் அது நடக்குமா?

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்?

உணர்ச்சிகளைத் தூண்டும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அதிகமாக வேலை செய்யும். அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளையின் பிடி தளரும். அதனால்தான் சின்ன விஷயத்துக்கும் கோபம், அழுகை. படிப்பிலும் கவனம் நிற்காது. இது நீடித்தால் மனச்சோர்வு அபாயமும் கூடும்.

பள்ளி நேரத்தை மாற்றலாமா?

4ஆம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் வகுப்பு கூடாது என 2024-ல் மகாராஷ்டிரா உத்தரவிட்டது. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கலிஃபோர்னியாவிலோ 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30 மணிக்கு முன் தொடங்கக்கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* லீவு நாளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுப்புங்கள்.
* படுக்க 1 மணி நேரம் முன்பே செல்போனை வேறு அறையில் வையுங்கள்.
* மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம்.

சோர்வும் கோபமும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் திட்டாதீங்க, டாக்டரிடம் பேசுங்க. டெலி மனஸ் இலவச உதவி எண்: 14416.