ஆர்.ஓ. எதை எதிர்த்துத் தள்ளுகிறது?

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் மூடி வைத்தால், மறுநாள் துண்டுகள் சுருங்கி, அடியில் நீர் ஊறி நிற்கும். வெளியிலிருந்து யாரும் ஊற்றிய நீரல்ல அது. மாங்காயின் செல்களே விட்டது. நீரை விட்டு உப்பை மறிக்கும் சவ்வு ஒன்று நடுவே இருந்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் தானாகவே போகும். சவ்வூடு பரவல் என்பது இதுதான். இலங்கைப் பாடநூல்கள் பிரசாரணம் என்கின்றன.

1748-இல் பிரான்சில் நொலே என்ற பாதிரியார், சாராயம் நிரம்பிய குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீரில் அமிழ்த்தினார். வெளிநீர் சாராயத்தை நோக்கி உள்ளே புகுந்ததால், சில மணி நேரத்தில் அந்தச் சவ்வு விம்மிப் புடைத்தது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்து திரவம் பீறிட்டது.

நீரின் இந்த ஓட்டத்தை நிறுத்த, உப்பு மிகுந்த பக்கத்தில் எவ்வளவு அழுத்த வேண்டுமோ, அதுவே சவ்வூடு பரவல் அழுத்தம். கடல்நீருக்கு அது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. அதையும் தாண்டி அழுத்தினால் நீர் உப்பை விட்டுவிட்டுத் திரும்பி வரும். எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ., இதுவே. உப்பைத் தடுக்கும் சவ்வு 1950-களிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது. மெல்லிய அடர்ந்த தோலும் அதன் கீழே நுண்துளைப் படலமும் கொண்ட சவ்வைச் செய்து அந்தத் தடையை உடைத்தவர்கள், கலிபோர்னியாவில் ஆய்வு செய்த சிட்னி லோபும் இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும். இன்று மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் குடிநீராவது அந்த வழியில்தான்.

நீர் சவ்வைக் கடக்கக் கடக்க, எஞ்சும் நீரில் உப்பு ஏறும், அழுத்தமும் கூடும், சுண்ணாம்பு படிந்து சவ்வை அடைக்கும். ஆகவே அந்த நீரை வெளியே விட்டே ஆக வேண்டும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் குடிக்க எடுப்பதைவிட வெளியேறுவதே அதிகம்.

ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்க நேரும் தருமபுரிக் குடும்பத்துக்கு இது கொடுத்தே ஆக வேண்டிய விலை. ஆனால் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரைபொருள் உள்ள நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பாதிகூட இல்லை. நச்சு உப்புகள் கலந்திராவிட்டால், நீக்க வேண்டிய உப்பே அதில் இல்லை. கிருமிதான் கவலை என்றால் கொதிக்க வைத்தாலே போதும். அத்தகைய நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது மிகச் சரி. இயந்திரம் வாங்குமுன் குழாய்நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைபொருள் அளவைப் பாருங்கள், நச்சு உப்புகள் உண்டா என்று ஆய்வகத்திலும் கேளுங்கள்.